பக்கத்து வீட்டில் இருந்த பணம்: விசுவாசமும் ஜெபமும்



வாலிபர் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். நமக்கு என்ன தேவை என்பது நாம் கேட்பதற்கு முன்பே பரம பிதாவுக்குத் தெரியும் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். தருவேன் என்று வாக்குத்தத்தங்களும் இருக்கின்றன. அதையெல்லாம் விசுவாசிக்கிறோம் என்றால் பிறகு ஜெபம் எதற்கு? திரும்பத் திரும்பக் கேட்பது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் ஆகாதா?

இதைக் கேட்கிற பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கக்கூடாது. வேதத்தைக் கவனமாக வாசித்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். எலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேசத்தில் மழை பெய்யப் பண்ணுவேன் என்று கர்த்தர் அவரிடம் சொல்லிவிட்டார். முதலாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரம் தொடங்குவதே அந்த வாக்கோடுதான். அதே அதிகாரத்தின் முடிவில் அவர் கர்மேல் மலை உச்சியில் தரையில் குனிந்து, முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு கிடக்கிறார். கடலைப் பார்த்துவர வேலைக்காரனை ஏழு தடவை அனுப்புகிறார். ஆறு தடவை அவன் வெறுங்கையோடு திரும்பி வருகிறான். கொடுப்பேன் என்று ஏற்கனவே சொல்லப்பட்ட மழைக்காகத்தான் இந்தப் போராட்டம்.

தானியேலும் அப்படியே. எரேமியாவின் தீர்க்கதரிசனத்தை வாசித்து, எருசலேமின் பாழ்க்கடிப்பு 70 வருடம் என்று அறிந்துகொள்கிறார். தவணை முடியும் காலம் நெருங்கிவிட்டது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ உபவாசம் இருந்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து மன்றாடுகிறார். வாக்குத்தத்தம் கையில் கிடைத்ததும் இந்த இருவருக்கும் ஜெபம் கூடியதே தவிரக் குறையவில்லை. எதைக் கேட்கலாம், யாரிடம் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சீர்திருத்தத் தலைவர் ஜான் கால்வின் தம் கிறிஸ்தவ மதக் கோட்பாட்டு நூலின் 1559ஆம் வருடப் பதிப்பில் ஜெபத்துக்கு எழுதிய அத்தியாயம் மிக நீளமானது. விசுவாசம் பயிற்சி பெறுகிற முதன்மையான இடம் ஜெபம் என்பது அதன் தலைப்பிலேயே அடங்கியிருக்கிற கருத்து. கோட்பாட்டை இத்தோடு நிறுத்திக்கொண்டு, அப்படிப் பயிற்சி பெற்ற ஒரு மனிதரின் நாட்குறிப்புக்குப் போகிறேன். ஏனென்றால் அவர் தேதி போட்டு, தொகை போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

ஜார்ஜ் முல்லர் 1805ல் பிரஷ்யாவில் பிறந்தார். அவருடைய தகப்பனார் அரசாங்கத்துக்கு வரி வசூலிக்கிற அலுவலர். வீட்டில் இருந்த அந்த அரசாங்கப் பணத்தையே திருடிய சிறுவன் இவர். தாயார் மரணப் படுக்கையில் கிடந்த இரவில், அது தெரியாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார். தங்கிய விடுதிக்குப் பணம் கட்டாமல் ஏமாற்றி 16 வயதில் சிறைக்குப் போனார். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் மாணவராகச் சேர்ந்த பின்னும் அவருடைய நடத்தையில் பெரிய மாற்றம் இல்லை. 1825 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை நண்பர் ஒருவர் அவரை ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒருவர் முழங்காற்படியிட்டு ஜெபித்தார். ஒரு மனிதர் முழங்காலில் நின்று ஜெபிப்பதை முல்லர் தம் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். குருத்துவப் படிப்புப் படிக்கிற மாணவர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள். வீடு திரும்பும்போது, இதுவரை அனுபவித்த எந்தச் சந்தோஷமும் இதற்கு ஈடாகாது என்ற உணர்வு அவருக்குள் இருந்தது.

அந்த வீட்டில் யாரும் வாதம் செய்து எதையும் நிரூபிக்கவில்லை. இன்னொருவரின் ஜெபத்தைக் கண்ட இடத்தில் இவருடைய விசுவாசம் பிறந்தது. முதலில் விசுவாசம் வரவேண்டும், பிறகுதான் ஜெபம் என்று நாம் வரிசை போட்டு வைத்திருக்கிறோம். அந்த வரிசை அன்று மாலை தலைகீழாயிற்று. நம் பிள்ளைகள் நம் வீட்டில் யாராவது முழங்காற்படியிடுவதைப் பார்க்கிறார்களா என்று ஒவ்வொரு தகப்பனும் தாயும் யோசித்துப் பார்க்கலாம்.

ஹாலே என்ற ஊர் நமக்கு அந்நியமானதல்ல. அந்த ஊரில் படித்த சீகன்பால்குதான் 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஹாலேயில் அகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லத்தில், ஏழை இறையியல் மாணவர்களுக்கென்று இருந்த இலவச விடுதியில் முல்லரும் சில வாரங்கள் தங்கினார். அந்த இல்லம் கடவுளை மட்டும் நம்பிக் கட்டப்பட்டது என்ற செய்தி அவர் மனதில் விழுந்த விதை. அது முளைக்கப் பத்து வருடம் பிடித்தது.

1829ல் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். மறு வருடம் மேரி குரோவ்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். அதே வருடம், தாம் போதகராக இருந்த சபை கொடுத்த சம்பளத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆராதனையில் உட்காரும் இருக்கைகளுக்கு வாடகை வாங்கி அதில் போதகருக்குச் சம்பளம் கொடுப்பது அன்றைய வழக்கம். பணக்காரர் முன்வரிசையிலும் ஏழைகள் பின்வரிசையிலும் உட்கார வேண்டிய அந்த ஏற்பாடு யாக்கோபின் நிருபத்துக்கு விரோதமானது என்று அவர் கண்டார். 1832ல் பிரிஸ்டல் நகருக்குப் போனார். 1836 ஏப்ரலில் அங்கே வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 30 பெண் குழந்தைகளுக்கென்று முதல் இல்லம் திறந்தார்.

ஏன் திறந்தார் என்பதற்கு அவர் சொன்ன காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். குழந்தைகள் மேல் அவருக்கு அளவற்ற பரிவு இருந்தது. ஆனாலும் அதை முதல் காரணமாக அவர் சொல்லவில்லை. தம் சபை மக்களின் வீடுகளுக்குப் போகும்போது அவர் கண்டது பயம். ஒரு நாளைக்குப் பதினான்கு, பதினாறு மணி நேரம் உழைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறவர், வேலையைக் குறைத்தால் குடும்பம் என்னாகும் என்று நடுங்குகிறார். முதியவர் ஒருவர், கைகால் ஓய்ந்தால் ஏழைகள் விடுதிதான் கதியோ என்று கலங்குகிறார். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்கிறவர்கள். இவர்களுக்கு முன்னால் கண்ணால் பார்க்கத்தக்க ஒரு அத்தாட்சியை வைக்க அவர் விரும்பினார். ஏழையான ஒரு மனிதன், எவரிடமும் கையேந்தாமல், கடவுளிடம் மட்டும் கேட்டு, ஒரு பெரிய இல்லத்தை நடத்தினால், பிதா இன்றும் உண்மையுள்ளவர் என்று இவர்கள் அறிவார்கள் அல்லவா? தம் ஜெபத்தை மற்றவர்களின் விசுவாசத்துக்கு உணவாக வைக்க நினைத்தார்.

முதல் இல்லத்தின் தொடக்கத்தில் நடந்த ஒன்றை அவர் வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார். வீட்டுக்காக ஜெபித்தார், வீடு கிடைத்தது. பணத்துக்காக ஜெபித்தார், வந்தது. உடன் உழைக்க ஆட்கள் வேண்டும் என்று ஜெபித்தார், அவர்களும் வந்தார்கள். பிறகு 1836 பிப்ரவரி 3ஆம் தேதி விண்ணப்பங்களைப் பெற உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒருவர்கூட வரவில்லை. திரும்பி நடந்தபோதுதான் அவருக்கு உறைத்தது: எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், குழந்தைகளை அனுப்பும்படி மட்டும் கேட்கவில்லை. அநாதைகளுக்குக் குறைவே இல்லாத அந்த நகரத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்று மாலை அதற்காக மன்றாடினார். மறுநாள் முதல் விண்ணப்பம் வந்தது.

இதைச் சின்னச் சம்பவம் என்று தாண்டிப் போய்விட முடியவில்லை. நம்மால் முடியாததைக் கடவுளிடம் விடுகிறோம். தானாக நடந்துவிடும் என்று நினைப்பதை அவரிடம் கொண்டுபோவதில்லை. அறுவை சிகிச்சைக்கு முந்திய இரவு உபவாச ஜெபம் வைக்கிற நாம், ஒழுங்காக மூச்சு வருகிற நாளில் எதையும் கேட்பதில்லை. நமக்கு எது எது கடவுளிடமிருந்து வருகிறது என்று உண்மையில் நம்புகிறோமோ, அது நம் ஜெபத்தில் அப்படியே தெரிந்துவிடும். ஒருவர் என்ன விசுவாசிக்கிறார் என்று அறிய அவருடைய விசுவாச அறிக்கையை விட அவருடைய ஒரு வார ஜெபங்களைக் கேட்பது நல்லது.

1838 ஜூலையிலிருந்து கடினமான காலம் தொடங்கியது. கையில் மறுநாளைக்குப் பணம் இல்லை என்ற நிலை மாதக்கணக்கில் நீடித்தது. சில நாட்களில் அடுத்த வேளைக்கே இல்லை. அவர் வெளியில் எவரிடமும் சொல்லவில்லை, கடனும் வாங்கவில்லை. இல்லத்தில் வேலை செய்தவர்களை மட்டும் கூட்டி நிலைமையைச் சொன்னார். எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். அவரவர் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள், சொந்தப் பொருட்களை விற்றும் கொடுத்தார்கள். நம் மேடைகளில் முல்லரைப் பற்றிச் சொல்லும்போது, உணவுமேசையில் வெறும் தட்டுகளோடு ஸ்தோத்திரம் செய்த காலையில் ரொட்டிக்காரரும் பால்காரரும் கதவைத் தட்டிய கதையையே சொல்கிறோம். அந்தக் கதையை விட இந்த நாட்குறிப்பின் சலிப்பூட்டுகிற பக்கங்கள் எனக்கு அதிகம் கற்றுத் தந்தன. ஒரு நாள் சில ஷில்லிங், மறுநாள் சில பென்ஸ், அதற்கு மறுநாள் ஒரு வேளைக்குப் போதுமானது. வானம் திறந்து கொட்டியதாக எங்கும் இல்லை. அன்றன்றைய அப்பம் அன்றன்று வந்தது.

அந்த வருடம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், எல்லாம் தீர்ந்துபோன நேரத்தில், லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு அம்மையார் மூன்று பவுனும் சில்லறையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் இல்லத்துக்காகக் கொடுத்தனுப்பியது. அந்த அம்மையார் பிரிஸ்டலுக்கு வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஆண் குழந்தைகளுக்கென்று முல்லர் நடத்திய இல்லத்துக்கு அடுத்த வீட்டிலேயே தங்கியிருந்தார். முல்லரும் மற்றவர்களும் கண்ணீரோடு கேட்டுக்கொண்டிருந்த அந்த நாட்கள் முழுவதும் பணம் பக்கத்து வீட்டில் இருந்தது.

இதை அறிந்தபோது அவர் மனம் புண்பட்டிருக்கலாம். இவ்வளவு அருகில் இருந்ததை ஏன் இத்தனை நாள் தாமதித்தீர் என்று கேட்டிருக்கலாம். அவர் எழுதியது வேறு. கொடுக்க வேண்டும் என்பது கடவுளின் மனதில் முதலிலிருந்தே இருந்தது, அதற்கு இந்தப் பணமே சாட்சி. ஆனால் தம் பிள்ளைகள் தம்மிடம் பேசுவதில் அவர் மகிழ்கிறார். அவர்களுடைய விசுவாசம் சோதிக்கப்பட்டு உறுதிப்படவும் விரும்புகிறார். ஆகவே கேட்க நேரம் கொடுத்தார். வாலிபர் கூட்டத்துக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் இதுதான். தயங்குகிற கடவுளைச் சம்மதிக்க வைக்க நாம் ஜெபிக்கவில்லை. பதில் ஏற்கனவே ஊருக்குள் வந்திருக்கலாம். அது நம் கையில் வந்து சேருவதற்குள் நாம் யாரை நம்பி நிற்கிறோம் என்பது நமக்கே தெரியவேண்டியிருக்கிறது.

முல்லரைப் பற்றி நியாயமான ஒரு ஐயம் எழுவதுண்டு. வருடந்தோறும் அறிக்கை அச்சிட்டு வெளியிட்டாரே, அதுவே மறைமுகமான வேண்டுகோள்தானே என்பார்கள். அவரும் இதை யோசித்திருக்கிறார். 1841 டிசம்பரில் பண நெருக்கடி கடுமையாக இருந்தபோது, வழக்கமாக அந்த நேரத்தில் வெளிவர வேண்டிய அறிக்கையையும் பொதுக் கூட்டத்தையும் தள்ளிவைத்தார். நிலைமையைச் சொன்னால் உதவி வரும் என்று தெரிந்தே அதைச் செய்தார். அடுத்து வந்த மாதங்கள் மேலும் இறுக்கமாயின. கணக்கை ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்பதற்காக அறிக்கை வெளியிட்டார். காசு வரவேண்டும் என்பதற்காக வெளியிடவில்லை. இந்த வித்தியாசத்தைக் காட்ட அவர் பசியைத் துணிந்து ஏற்றார். இன்று ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புகிற ஊழியங்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் வேண்டுதல்.

ஜெபிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அல்ல. 1857 நவம்பர் இறுதியில், பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் குன்றில் முல்லர் கட்டியிருந்த முதல் புதிய இல்லத்தின் கொதிகலனில் கசிவு. அங்கே 300 குழந்தைகள். நெருப்பை அணைத்தால்தான் பழுது பார்க்க முடியும். அணைத்தால் கட்டடம் முழுவதும் குளிரில் உறையும். அவர் ஆட்களை ஏற்பாடு செய்து நாளைக் குறித்தார். குறித்தபின் கடுமையான வடகாற்று வீசத் தொடங்கியது. இரண்டு காரியங்கள் கேட்டார்: காற்று தெற்குப் பக்கமாகத் திரும்ப வேண்டும், நெகேமியாவின் காலத்தில் இருந்ததுபோல் வேலையாட்களுக்கு வேலை செய்ய மனம் வேண்டும். குறித்த நாளில் தென்காற்று வீசியது. மாலையில் மேஸ்திரி வந்து, ஆட்கள் இரவு வெகுநேரம் வேலை செய்வார்கள் என்றார். ஆட்களோ, விடிய விடியச் செய்கிறோம் என்றார்கள். அவர் காற்றுக்காக மட்டும் கேட்டிருந்தால் நான் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். கூலியாட்களின் மனதும் கடவுளின் கையில் இருப்பதாக நம்பிக் கேட்டார் பாருங்கள், அதற்காகச் சொன்னேன்.

1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. ஒரே நேரத்தில் 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் தங்க இடம் இருந்தது. அவருடைய ஆயுளில் ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகள் அவருடைய பராமரிப்பில் வளர்ந்தார்கள். இதையெல்லாம் பார்த்து, உமக்குத் தனி விசுவாச வரம் இருக்கிறது என்று மக்கள் சொன்னபோது அவர் பிடிவாதமாக மறுத்தார். கொரிந்தியர் நிருபத்தில் சொல்லப்படும் அந்த வரம் தம்மிடம் இல்லை, எல்லா விசுவாசிகளுக்கும் கொடுக்கப்பட்ட அதே விசுவாசம்தான் தமக்கும், சிறு காரியங்களில் பயன்படுத்தப் பயன்படுத்த அது பெருகியது என்றார்.

இந்தக் கதை பிரிஸ்டலோடு நின்றுவிடவில்லை. முல்லரின் மனைவி மேரியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். பல் மருத்துவர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டுப் பாக்தாதுக்கும் பிறகு இந்தியாவுக்கும் மிஷனெரியாக வந்தவர். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியன் அருளப்பன், மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். அவர் குரோவ்ஸைச் சந்தித்தபின், எந்த மிஷன் சங்கத்திலும் சம்பளம் வாங்காமல் கடவுளை நம்பி ஊழியம் செய்யத் தீர்மானித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். இதற்கிடையில் அயர்லாந்தில் ஜேம்ஸ் மெக்குயில்கின் என்ற வாலிபர் முல்லரின் நாட்குறிப்பு நூலை வாசித்துவிட்டு, இவருக்குக் கேட்டது கிடைக்குமானால் எனக்கும் கிடைக்கும் என்று 1857ல் மூன்று நண்பர்களோடு ஒரு ஜெபக் கூட்டம் தொடங்கினார். 1859ல் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் பெரிய எழுப்புதல் உண்டானது. அந்தச் செய்தியை அருளப்பன் படித்து, தம் மக்களுக்கும் வேண்டும் என்று ஜெபித்தார். 1860ல் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் மூண்டது. ஒருவருடைய ஜெபத்தின் பதிவு கடல் கடந்து இன்னொருவருக்கு விசுவாசமாகிறது, அந்த விசுவாசம் மறுபடியும் ஜெபமாகிறது. இந்தச் சங்கிலியில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருப்பதைத் தென்தமிழகச் சபைகள் மறந்தேபோனது எனக்கு வருத்தம்.

இனிச் சொல்ல வேண்டியது கடினமானது. கேட்டது கிடைக்காதபோது என்ன?

முல்லருக்கு ஒரு மகன் இருந்தான். 1835 ஜூனில், பதினைந்து மாதக் குழந்தையாக இறந்தான். 1853ல் ஒரே மகள் லிடியாவுக்கு டைபஸ் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தான நிலை. அவள் பிழைத்தாள். இரண்டு தடவையும் ஜெபித்தவர் அதே தகப்பன். முதல் தடவை விசுவாசம் குறைந்திருந்தது, இரண்டாம் தடவை கூடியிருந்தது என்று யாராவது சொல்வார்களா? 1870 பிப்ரவரியில் மனைவி மேரி வாதக் காய்ச்சலில் காலமானார். நாற்பது வருடத்துக்குச் சற்றே குறைந்த இல்லறம். அடக்க ஆராதனையில் முல்லரே பிரசங்கித்தார். அதில் அவர் சொன்னவை மூன்று: இவளை எனக்குக் கொடுத்ததில் கர்த்தர் நல்லவர், இத்தனை காலம் என்னோடு வைத்திருந்ததில் நல்லவர், எடுத்துக்கொண்டதிலும் நல்லவர். மகள் பிழைத்தபோது நம்பியதையும் மனைவி போனபோது நம்பியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதான். அவருடைய நம்பிக்கை எந்த முடிவின் மேலும் கட்டப்படவில்லை, கொடுக்கிறவரின் குணத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது.

நம் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. ஆமி கார்மைக்கேல் அம்மையார் முல்லரின் வழியில் எவரிடமும் பணம் கேட்காமல் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் தவறி விழுந்து கால் முறிந்தது. அவர் சுகமாக வேண்டும் என்று டோனாவூர் முழுவதும் ஜெபித்தது. 1951ல் இறக்கும்வரை அவர் பெரும்பாலும் தம் அறையிலும் படுக்கையிலுமே இருந்தார். டோனாவூரில் விசுவாசம் குறைவாக இருந்தது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆனால் அதே சொல்லை நம் தெருவில் நாம் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாமே என்கிறோம். புற்றுநோயில் கணவரை இழந்தவரிடம், ஏதோ ஒரு தடை இருந்திருக்கும் என்கிறோம். இது கொடுமை. இது சுவிசேஷமும் அல்ல. கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி கேட்டவரை விட விசுவாசத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை. அவருக்குப் பாத்திரம் நீங்கவில்லை. முள்ளை எடுக்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அது எடுக்கப்படவில்லை. அந்த இருவருக்கும் மறுக்கப்பட்டது, நமக்கு மறுக்கப்பட்டால் மட்டும் அது தண்டனை ஆகிவிடுமா?

விசுவாசத்தை அளந்து பார்க்கிற பழக்கமே தவறான இடத்திலிருந்து வருகிறது. கிணற்றில் தண்ணீரை உண்டாக்குவது கயிறு அல்ல. கயிறு பழையதாக இருந்தாலும், பிடிக்கிற கை நடுங்கினாலும், கிணற்றில் இருப்பதுதான் வாளியில் வரும். சீஷர்கள் விசுவாசத்தைப் பெருகப் பண்ணும் என்று கேட்டபோது இயேசு கடுகுவிதையைக் காட்டினார். வலிப்பு வந்து விழுந்து கிடந்த மகனை அழைத்துவந்த தகப்பனோ கடுகளவுகூடத் தன்னிடம் இருப்பதாக நினைக்கவில்லை. விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில், தன் அவிசுவாசத்துக்கு உதவும்படி கண்ணீரோடு கெஞ்சினான். தன் விசுவாசத்தின் குறையையே அவன் ஜெபமாக்கிவிட்டான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பையனைக் குணமாக்கினார். வேதத்திலுள்ள ஜெபங்களில் எனக்கு மிக அருகில் இருப்பது இந்தத் தகப்பனுடையதுதான். சந்தேகம் தீரும்வரை காத்திருந்து பிறகு ஜெபிக்கலாம் என்று அவன் நினைத்திருந்தால், அந்த மகன் என்னாகியிருப்பான்?

காத்திருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1844 நவம்பரில் முல்லர் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். நோயோ பயணமோ எது வந்தாலும் ஒரு நாளும் விடவில்லை. பதினெட்டு மாதம் கழித்து முதல் ஆள் மனந்திரும்பினார். மேலும் ஐந்து வருடம் கழித்து இரண்டாம் ஆள், அதற்கு ஆறு வருடம் கழித்து மூன்றாம் ஆள். மற்ற இருவருக்காகப் பல பத்தாண்டுகள் கடந்தும் ஜெபித்துக்கொண்டே இருப்பதாக ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அவர்கள் மாறிவிட்டார்கள் என்று அன்று அவரால் சொல்ல முடியவில்லை. மாறுவார்கள் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று மட்டும் சொன்னார். குடிப்பழக்கத்தில் மூழ்கிய மகனுக்காகவோ, வீட்டைவிட்டுப் போன மகளுக்காகவோ பல வருடமாக ஜெபித்துக் களைத்தவர்கள் இந்த அரங்கத்தில் இருப்பீர்கள். இந்த மனிதர் உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

கடைசியாக, நடைமுறையில் இது எப்படித் தொடங்குகிறது? முல்லர் ஊழியத்துக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் காலையில் எழுந்தவுடன் ஜெபத்தைத் தொடங்கி, கால் மணி நேரம், அரை மணி நேரம் மனம் அலைந்து திரிவதோடு போராடிக்கொண்டிருந்தார். 1841ல் நெயில்ஸ்வொர்த் என்ற ஊரில் தங்கியிருந்தபோது அவர் ஒழுங்கை மாற்றினார். முதலில் வேதத்தைத் திறந்து, சில வசனங்களை மெதுவாக, தமக்காகவே வாசித்தார். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க வாசிக்கவில்லை. அதில் ஒரு வாக்கு கண்ணில் பட்டால் அதையே நன்றியாக, ஒரு குற்றம் சுட்டினால் அதையே அறிக்கையாக, ஒரு கட்டளை இருந்தால் அதையே விண்ணப்பமாக மாற்றினார். ஜெபிக்கிறோம் என்று உட்காராமலே ஜெபத்துக்குள் போய்விட்டார். அலைந்த மனம் நின்றது. விசுவாசம் கேள்வியினால் வரும் என்று பவுல் ரோமருக்கு எழுதியதை அவர் தம் நாற்காலியில் உட்கார்ந்து செய்து பார்த்தார். சாகும்வரை அந்த ஒழுங்கை அவர் மாற்றவில்லை. 1898 மார்ச் 9ஆம் தேதி புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டத்தை நடத்தினார். மறுநாள் காலையில் தம் அறையில் இறந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 92.

ஆகவே உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலையில் உங்கள் விண்ணப்பப் பட்டியலை எடுப்பதற்கு முன் ஒரு சங்கீதத்தைத் திறவுங்கள். அதில் கர்த்தர் தம்மைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தேவையான சின்ன ஒன்றைக் கேளுங்கள். ஒரு நோட்டில் தேதியைப் போட்டு எழுதி வையுங்கள். பதில் வந்த நாளையும் எழுதுங்கள். பதில் வராத வரிகளை அடித்துவிடாமல் அப்படியே வைத்து, மறுநாளும் கேளுங்கள்.